எந்திரி ராசா

நேற்று காலையும் அதே கதைதான். மூடியைத் திறந்தேன். விசிறி உஸ்ஸென்று ஓடியது. கீபோர்டுக்கு அடியில் விளக்கு எரிந்தது. சார்ஜர் செருகிய இடத்தில் வெள்ளைப் பொட்டு மின்னியது. திரை மட்டும் கறுப்பு. அணைந்துபோன கறுப்பும் இல்லை. பின்னாலிருந்து லேசாக வெளிச்சம் கசிகிற, ‘வீட்டில்தான் இருக்கிறேன், கதவைத் திறக்க முடியாது’ என்கிற கறுப்பு.

எண்டரைத் தட்டினேன். ஸ்பேஸைத் தட்டினேன். டச்பேடில் விரலைத் தேய்த்தேன். மூடியை மூடித் திறந்தேன். மறுபடி மூடி, இந்த முறை கொஞ்சம் மரியாதையாகத் திறந்தேன். “எந்திரி ராசா” என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னதை அடுப்படியில் நின்ற வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். கடைசியில் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். நான்கு நொடிக்கு மேல் அமுக்கினால், உள்ளே எது எப்படிக் கிடந்தாலும் சரி, மின்சாரத்தை வெட்டிவிட வேண்டும் என்பது கணினி செய்கிறவர்கள் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொண்ட விதி. அந்த நான்கு நொடியில் மனுஷிக்கு வருகிற எண்ணங்களைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம். அதையும் இந்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதவில்லை.

திரும்ப ஆனபோது எதுவுமே நடக்காத முகத்தோடு கடவுச்சொல் கேட்டது. ஒரு பத்தி போய்விட்டது. தீபாவளி மலர்க் கட்டுரைக்காக முந்தின இரவு எழுதிய பத்தி. நான் இதுவரை எழுதியதிலேயே ஆகச் சிறந்த பத்தி அதுதான்; இல்லை என்று இனி எவராலும் நிரூபிக்க முடியாது. ஆசிரியரிடம், “முடிச்சாச்சு சார், ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அனுப்பிடுறேன்” என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆகவே படித்துப் பார்ப்பதற்காக அதை எழுத உட்கார்ந்தேன்.

இந்தக் கோளாறுக்கு ஒரே ஒரு செட்டிங்தான் மருந்து என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்கிறேன். அதற்கு முன்னால் சில பேரைத் திட்ட வேண்டியிருக்கிறது.

தினமும் ஷட்டவுன் செய்கிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு இதில் ஒன்றுமில்லை. நீங்கள் இந்நேரம் காய்ந்த துணியை மடித்து அவரவர் அலமாரியில் அடுக்கிக்கொண்டிருப்பீர்கள். நான் பேசுவது மற்றவர்களிடம்: என்றைக்காவது படிப்போம் என்று திறந்து வைத்த டேப்களோடும், பெயர் வைக்காத ‘டாக்குமென்ட்1’, ‘டாக்குமென்ட்2’ கோப்புகளோடும், பாதி எழுதி அனுப்பாமல் விட்ட கோபமான மெயிலோடும் மூடியைச் சாத்திவிட்டுப் போய்ப் படுக்கிற பெருங்கூட்டத்திடம்.

எதிர்க்கட்சி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரரிடம் தனியாக ஒரு லேப்டாப். இரவு பத்து மணிக்கு அதற்கு அவர் செய்கிற சேவையைப் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் ஜன்னல்களை ஒவ்வொன்றாக மூடுவார். ஷட்டவுனை அமுக்குவார். கையைக் கட்டிக்கொண்டு, பொட்டு விளக்கு அணைகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். சார்ஜரைப் பிடுங்கி, சுவர் ஸ்விட்சை அணைத்து, வயரைச் சுருட்டி, சுருட்டிய வயருக்கு ரப்பர் பேண்ட் போடுவார். பிறகு நிமிர்ந்து, நான் மூடியை டொப்பென்று சாத்துவதைப் பார்த்து, “முறையா மூடினா முறையா திறக்கும்” என்பார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொல்லாத இரவு, கரண்ட் போன இரவு மட்டும்தான்.

பெங்களூரில் இருக்கிற பையன் இன்னும் சுருக்கம். “அம்மா, ஸ்லீப்பே போடாத. ஷட்டவுன் பண்ணு.” லேப்டாப் கம்பெனியின் உதவி எண்ணில் பேசிய பெண்பிள்ளை அவனைவிடச் சுருக்கம்.

“மேடம், லேப்டாப்பை ஆன் பண்ணுங்க.”

“ஆன் ஆகலைன்னுதாம்மா கூப்பிடுறேன்.”

“ஓகே மேடம். ஆன் ஆனதும் சொல்லுங்க, லைன்லயே இருக்கேன்.”

என் கேள்வி சின்னது. ‘தூங்கு’ என்று ஒரு பொத்தானை வைத்து விற்றவர்கள், எழுந்திருக்கவும் ஒரு வழி வைத்திருக்க வேண்டாமா? வாங்கும்போது ‘ஸ்லீப் உண்டு, ஆனால் போடாதீர்கள்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இருக்கிற வசதியைப் பயன்படுத்தியவளுக்கு ஒழுக்கம் போதிக்கிறார்கள். பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது எப்போதும் மனுஷிதான், மிஷின் மாற்றிக்கொள்ளாது.

இதற்கெல்லாம் மூலம் எங்கே என்று தேடிப் போனதில் 1996-ஆம் வருஷத்து டிசம்பருக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன்னால், 1992 முதல், ஏபிஎம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அதில் கணினியைத் தூங்க வைப்பது, எழுப்புவது எல்லாம் பெரும்பாலும் பயாஸின் பொறுப்பு. தாய்ப்பலகையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய நிரலுக்கு, மேலே என்ன ஓடுகிறது என்று தெரியாது. தெரியாமலே தூங்கப் போட்டுவிடும். 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற புது விதிமுறையை வெளியிட்டன. இனி முடிவெடுப்பது இயங்குதளம். பயாஸ் அட்டவணை மட்டும் கொடுத்தால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் பயாஸ் எழுதுகிறவர் ஓர் ஊரில், இயங்குதளம் எழுதுகிறவர் ஓர் ஊரில், திரைக்கும் வைஃபைக்கும் கேமராவுக்கும் டச்பேடுக்கும் டிரைவர் எழுதுகிறவர்கள் ஊருக்கு ஒருவர். இத்தனை பேரும் என் வீட்டு மேசையில் காலை ஆறரை மணிக்கு, ஒரே நொடியில், ஒருமனதாக எழுந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேரை எழுப்பி ரயிலுக்குக் கிளப்பியவளுக்கு இதில் உள்ள சிக்கல் புரியும்.

அந்த விதிமுறையில் தூக்கத்துக்குப் படிகள் வகுத்திருக்கிறார்கள். எஸ்0 என்றால் விழிப்பு. எஸ்1 முதல் எஸ்4 வரை தூக்கம். எஸ்5 ஷட்டவுன்.

கும்பகர்ணன் என்று ஆரம்பிக்கப் போகிறாள் என்று நினைத்தவர்கள் ஏமாறலாம். என்ன பாடுபட்டு எழுப்பினாலும் அவர் எழுந்தார். எழுந்ததும் என்ன சங்கதி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணனுக்கே நல்ல புத்தி சொன்னார். அந்தத் தரத்தில் என் லேப்டாப்பை வைத்துப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் பார்த்து வளர்ந்தது பாளையங்கோட்டைப் பெரியப்பாவின் தூக்கம். ஏசிபிஐயை அவரைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா தார்சாவில் ஈஸிச்சேரில் சாய்வார். பேப்பர் மெல்ல முகத்தின்மேல் இறங்கும். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். தூங்கிவிட்டார் என்று நம்பி அதன் குமிழில் கை வைத்தால் பேப்பருக்கு அடியிலிருந்து குரல் வரும்: “ஏட்டி, அத ஏன் அமத்துத? நான் கேட்டுக்கிட்டுல்லா இருக்கேன்.” இதுதான் எஸ்1. எல்லாவற்றுக்கும் மின்சாரம் உண்டு. செயலி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். தொட்டால் அந்தக் கணமே பதில். எஸ்2 என்று ஒன்று காகிதத்தில் உண்டு. லேப்டாப் செய்கிறவர்கள் அநேகமாக அதைச் சீண்டுவதில்லை. பெரியப்பாவும் சீண்டியதில்லை. நேராக எஸ்3.

எஸ்3 என்றால் பட்டாசலில் பாய். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போடுவார். பல்செட்டைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுவார். காது மிஷினை அணைத்துத் தலைமாட்டில் வைப்பார். எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது, நினைவு மட்டும் ஓடும். தூக்கத்திலேயே உதடு அசையும்: “கொத்தனாருக்கு முந்நூறு… மணல் வண்டிக்கு…” லேப்டாப்பும் திரையை, வட்டை, செயலியை நிறுத்திவிட்டு நினைவகத்துக்கு மட்டும் சொட்டு மின்சாரம் விட்டுவைக்கும். விட்டுத்தான் ஆக வேண்டும். ராபர்ட் டெனார்ட் என்கிற ஐபிஎம் பொறியாளர் 1968-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது: ஒவ்வொரு துளித் தகவலும் ஒரு பொடி மின்தேக்கியில் மின்னூட்டமாக நிற்கிறது, அது கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லிநொடிக்குள் ஒரு சுற்று எல்லாவற்றையும் படித்துப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறதி. பெரியப்பாவும் ராத்திரி பகலாக அந்தக் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டேதான் இருந்தார். நாலு மணிக்குக் கண் விழித்ததும் முதல் வார்த்தையே, “ஆக மொத்தம் ஆயிரத்து நாநூறு” என்றுதான் வரும். எங்கே விட்டாரோ அங்கேயிருந்து.

ஊருக்குப் போகிற நாளுக்கு முந்தின இரவு எஸ்4. அன்றைக்கு மூளையை நம்ப மாட்டார். டயரியை எடுத்துவைத்துக்கொண்டு சாவி எங்கே, யார் எவ்வளவு தர வேண்டும், சின்ன மச்சினனோடு எதற்காகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை எழுதி, டயரியைத் தலையணைக்கு அடியில் வைத்து, அதற்குப் பிறகு உதடுகூட அசையாத தூக்கம். காலையில் டயரியைப் படித்து, கடைசி வரிக்கு வந்ததும் மச்சினன் மேல் கோபப்பட ஆரம்பிப்பார். அதாவது ஹைபர்நேட். நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் ஒரு கோப்பாக எழுதிவிட்டு மின்சாரத்தை முழுசாக வெட்டிக்கொள்கிறது. விண்டோஸ் லேப்டாப்புகளில் அந்தக் கோப்பு வழக்கமாக நினைவகத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு வட்டில் இடத்தை வளைத்துப் போட்டிருக்கும். 16 ஜிபி நினைவகம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். பெரியப்பாவின் டயரி அவ்வளவு பெரிதில்லை. ஆனால் கோபம் பெரிது.

எஸ்5-ஐப் பெரியப்பாவோடு சேர்த்துப் பேச வேண்டாம்.

தூங்குவதில் யாருக்கும் சிக்கல் வந்ததில்லை. எழுப்புவதில்தான். எழுப்புகிற உரிமை பெரியம்மாவுக்கு மட்டும். முதலில் காது மிஷினை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூப்பிட்டது கேட்காது. பிறகு கண்ணாடி. பிறகு பல்செட். பிறகு காபி. வரிசை மாறக்கூடாது. ஒருநாள் நாங்கள் பொடிசுகள் டாக்டர் விளையாட்டுக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டோம். பெரியப்பா எழுந்தார். காது கேட்டது. பேச்சு வந்தது. உட்கார்ந்தபடியே, “யாருட்டி அங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே!” என்று வீடு அதிரக் கத்தினார். எனக்கு நேற்று காலையில் நடந்தது இதுதான். உள்ளே எல்லோரும் எழுந்துவிட்டார்கள், விசிறி ஓடுகிறது, கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் வரவில்லை. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒருசேர அமுக்கினால் கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் ஓர் உலுக்கு உலுக்கி எழுப்பலாம் என்று பையன் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அமுக்கினேன். பீப் என்றது. அந்த ஒரு சொல்லோடு பேச்சை முடித்துக்கொண்டது.

பல்செட் விஷயம் இன்னும் மோசம். அது வாயில் ஏறுகிற வரை பெரியப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார், யாரையும் பேச விடவும் மாட்டார். கையைக் காட்டி நிறுத்திவிடுவார். கிண்ணம் கவிழ்ந்து பல்செட் அங்கணத்துப் பக்கம் உருண்டுபோன அன்று மொத்த வீடும் அப்படியே நின்றது. கணினியிலும் ஒரு டிரைவர் ‘எழுந்துவிட்டேன்’ என்று சொல்லாமல் இழுத்தடித்தால் மற்ற எல்லோரும் காத்திருப்பார்கள். ஓர் அளவுக்கு மேல் பொறுக்க முடியாமல் மொத்தமாக விழுந்துவிடும். அதற்கு எண்கூட வைத்திருக்கிறார்கள்: 9எஃப். எந்த டிரைவர் என்று, விழும்போது வருகிற திரையிலேயே தெளிவாகச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியம்மாவும் கிண்ணத்தைத் தட்டிவிட்டது யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவதில்லை.

பெரியம்மா எழுப்பாமல் பெரியப்பா எழுந்துவிட்டால் விசாரணை நடக்கும். “யாரு எழுப்புனது?” பால் ஐஸ்காரனின் மணியா, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியா, தபால்காரரா? இதே விசாரணையை லேப்டாப்பிலும் நடத்தலாம். கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, சாய்கோடு போட்டு, லாஸ்ட்வேக் என்று கேட்டால் கடைசியாக எழுப்பியது மௌஸா, நெட்வொர்க் கார்டா, நேரம் குறித்துவைத்த ஏதாவது வேலையா என்று சொல்ல வேண்டும். நான் கேட்டபோது ‘எழுந்த வரலாறு: பூஜ்யம்’ என்று பதில் வந்தது. எழுந்து உட்கார்ந்துகொண்டு, நான் எழுந்ததே இல்லை என்கிறது.

கடைசிக் காலத்தில் பெரியப்பா தூங்குவதையே விட்டுவிட்டார். கண்ணை மூடிப் படுத்திருப்பார். தூங்குகிறார் என்று நாங்கள் கிசுகிசுத்துக்கொண்டதெல்லாம் சாயங்காலம் அவர் வாயால் திரும்பி வரும்: யார் வந்தது, என்ன கேட்டது, பெரியம்மா எவ்வளவு கொடுத்தனுப்பியது. இதற்கு இப்போது மாடர்ன் ஸ்டாண்ட்பை என்று பெயர். 2012-இல் விண்டோஸ் 8-உடன் வேறு பெயரில் ஆரம்பித்து, விண்டோஸ் 10-இல் இந்தப் பெயருக்கு வந்தது. ஃபோனைப் பார்த்துப் பொறாமைப்பட்டுச் செய்த ஏற்பாடு. திரை அணைந்திருக்கும், உள்ளே மெயில் வந்துகொண்டிருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறித் தூங்கப்போட்ட லேப்டாப்பை விழுப்புரம் தாண்டிப் பையில் தொட்டால் கை சுட்டது அதனால்தான். இதிலே வேடிக்கை என்னவென்றால், பவர்சிஎஃப்ஜியிடம் ‘ஏ’ என்ற எழுத்தைப் போட்டு என் லேப்டாப்புக்கு எந்தெந்தத் தூக்கம் வரும் என்று கேட்டேன். மாடர்ன் வகையும் ஹைபர்நேட்டும் மட்டும்தானாம். இவ்வளவு நேரம் பாய் விரித்துச் சொன்ன எஸ்3 என் லேப்டாப்பில் கிடையவே கிடையாது. புது மாடல்களில் பலவற்றில் இதுதான் நிலைமை.

பெரியப்பாவைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. அவர் காபியைக் குடிக்கிற விதத்தைச் சொல்லவில்லையே. டம்ளரை டவராவில் கவிழ்த்து மூடிவைத்துவிட்டு, வந்தவர் போகிற வரை தொட மாட்டார். எதிரில் உட்கார்ந்து குடித்தால் பாதி தர வேண்டியிருக்கும் என்று பயம். இதற்கும் லேப்டாப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சரி, செட்டிங். அதற்கு முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும் அல்லவா? ஈவென்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு உள்ளே இருக்கிறது. திறந்தால் சிவப்புக் குறியும் 41 என்ற எண்ணுமாக ஒரு வரி: கணினி முறையாக நிற்காமல் மறுபடி தொடங்கியிருக்கிறது, அது பதில் சொல்லாமல் நின்றிருக்கலாம், அல்லது விழுந்திருக்கலாம், அல்லது எதிர்பாராமல் மின்சாரம் போயிருக்கலாம். இதை நான் சொல்வேனே! பவர் பட்டனை அமுக்கிப் பிடித்த கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. நடந்ததை நடந்தவளிடமே மூன்று ‘லாம்’ போட்டுத் திருப்பிச் சொல்வதற்கு ஒரு பதிவேடு, அதற்கொரு எண்.

நீலத்திரை வந்திருந்தாலாவது நாலு பேரிடம் படம் எடுத்துக் காட்டியிருக்கலாம். 2012-இல் அதில் ஒரு சோக முகத்தைப் போட்டார்கள். 2016-இல் ஸ்கேன் செய்வதற்குக் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் குறி சேர்த்தார்கள். 2025-இல் விண்டோஸ் 11-க்கு அந்த நீலத்தையே கறுப்பாக்கிவிட்டார்கள். எனக்கு இப்போது தூங்குகிற கறுப்பு, எழாத கறுப்பு, செத்த கறுப்பு என்று மூன்று கறுப்பு. புடவைக்கடையில்கூட இத்தனை கறுப்பு எடுத்துப் போட மாட்டார்கள்.

மெக்கானிக்கிடமும் போனேன். பின்மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு காந்தத் தட்டில் வைத்தார். உள்ளேயிருந்து ரேம் பட்டையை நெம்பி எடுத்தார். சட்டைப்பையிலிருந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை அழிரப்பரை எடுத்து, அந்தப் பட்டையின் தங்க நிறப் பற்களை இந்தப் பக்கம் நாலு தேய், அந்தப் பக்கம் நாலு தேய் தேய்த்தார். ரப்பர்த்தூளை வாயால் ஊதினார். பிரஷ்ஷால் விசிறித் தூசியைத் தட்டினார். பொருத்தினார். மூடியை மூடினார், திறந்தார். பளிச்சென்று திரை வந்தது.

“பாத்தீங்களா மேடம்?”

“இப்ப வரும்ப்பா. ராத்திரி பூரா தூங்கி எந்திரிச்சாத்தான் வராது.”

“அப்ப விட்டுட்டுப் போங்க.”

விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனால், “ஜம்முனு எந்திரிக்குது மேடம். உங்க வீட்டு கரண்ட்லதான் ஏதோ இருக்கு” என்றார். ஜெனரல் சர்வீஸ் என்று ரசீது போட்டு வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்கு வந்த முதல் இரவே அது பழையபடி.

வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது மாமனார் வந்தபோதுதான் தெரிந்தது. மாமாவுக்கு டிக்கெட் நிலவரம் பார்க்க வேண்டும். என் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே போனேன். “அம்மா, இது அணைஞ்சிருச்சே” என்று கூப்பிட்டார். வந்து தட்டினேன், வந்தது. அவர் உட்கார்ந்தார், போனது. நான் உட்கார்ந்தால் எரிகிறது, அவர் உட்கார்ந்தால் அணைகிறது. “எனக்கு மிஷின் ராசி இல்லம்மா” என்று எழுந்துவிட்டார். கடைசியில் பார்த்தால் அவர் கையில் ரத்தக்கொதிப்புக்குப் போட்டிருக்கிற காந்த வளையல். மூடி மூடியிருக்கிறதா என்பதை லேப்டாப் கண்ணால் பார்ப்பதில்லை. மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம், கீழே கை வைக்கிற இடத்தில் காந்தத்தை உணரும் ஒரு சில்லு. எட்வின் ஹால் என்பவர் 1879-இல் கண்டுபிடித்த விளைவில் வேலை செய்கிற சில்லு அது. காந்தம் பக்கத்தில் வந்தால், மூடியாகிவிட்டது என்று முடிவு. மாமா தட்டச்சு செய்யக் கையை வைத்தாலே மூடியைச் சாத்தியதாகக் கணக்கு. வளையலைக் கழற்றச் சொன்னேன். “ரத்தக்கொதிப்பு ஏறிடுமேம்மா” என்றார். எனக்கு ஏற்கெனவே ஏறியிருந்தது. மாமா டிக்கெட்டை ஸ்டேஷனுக்கு நேரில் போய் எடுத்தார். இன்றும் என் லேப்டாப்பைத் தாண்டிப் போகும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

அது பகல் வியாதி. என்னுடையது காலை வியாதி. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு கருவியாகத் திறந்து, ‘மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்’ என்கிற கட்டத்தில் இருக்கிற டிக்கை எடுத்தேன். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிதாக்கினேன். போன மாதத்து டிரைவர்தான் நல்லது என்று பையன் சொன்னதால் பழசாக்கினேன். பயாஸைப் புதுப்பித்தேன். பாதியில் கரண்ட் போனால் இனி எந்தப் படித் தூக்கமும் வேண்டாம், நேரே எஸ்5-தான் என்பதால் அந்தச் சில நிமிஷம் வீட்டில் மிக்ஸியை யாரும் தொடவில்லை.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதுதான், அந்த ஒரே செட்டிங்கைத் தேடிப் போன வழியில், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயர் கண்ணில் பட்டது. பட்டதும் என் காரியத்தை அப்படியே போட்டுவிட்டேன். ஏனென்றால் இது அவருடைய லேப்டாப் சம்பந்தப்பட்டது.

2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த ஏற்பாடு இது. ஷட்டவுனை அமுக்கினால் நம் ஜன்னல்களையெல்லாம் மூடிவிடும், வாஸ்தவம். ஆனால் இயங்குதளத்தின் உட்கருவை மூடாது. அதை ஹைபர்நேட் கோப்பில் எழுதிவைத்துவிட்டு விளக்கை மட்டும் அணைக்கும். மறுநாள் ஆன் செய்தால் அதை எடுத்து ஓட்டும். சீக்கிரம் வருகிறது என்று நாமும் மகிழ்ந்துபோவோம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் நிஜமாகவே கலைந்து புதிதாகத் தொடங்கும். அதாவது, ஷட்டவுன் செய்கிறவர் தினமும் பாதி ஹைபர்நேட்டுதான் செய்துகொண்டிருக்கிறார்.

வீட்டுக்காரர் குளிக்கப் போயிருந்தார். அவருடைய லேப்டாப்பை ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலிப் பக்கத்துக்குப் போனேன். கீழே ‘அப் டைம்’ என்று சின்ன எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும்: எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிஷமாக நிற்காமல் ஓடுகிறது என்று. நாள் கணக்கு மூன்று இலக்கத்தில் இருந்தது. நொடி முள் என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு வருகிற வரை பொறுக்க முடியவில்லை. பாத்ரூம் கதவைத் தட்டினேன்.

துண்டோடு வந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நேத்து ராத்திரி அணைச்சேனே. விளக்கு அணையிற வரைக்கும் நின்னேனே.”

“நின்னீங்க. அது நிக்கல.”

“ப்ளக்கைக்கூடப் பிடுங்கினேன்.”

“பிடுங்கினீங்க. ரப்பர் பேண்டும் போட்டீங்க.”

என்னை நம்பவில்லை. பையனுக்கு ஃபோன் போட்டார். அவன் ஸ்பீக்கரில் சிரித்துவிட்டு, “ஆமாப்பா, அம்மா சொல்றது சரிதான்” என்றான். அந்த வாக்கியத்தை அவன் வாயால் கேட்க நான் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்படியென்றால் நிஜமாகவே அணைக்க என்னதான் வழி என்று இவர் கேட்டார். ஷிஃப்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஷட்டவுனை க்ளிக் செய்தால் முழுசாக அணையும் என்றான்.

இப்போது இரவு பத்து மணிக்கு ஷிஃப்டின்மேல் இரண்டு கட்டைவிரலையும் வைத்து ஊன்றிக்கொண்டு, “வா, இப்ப க்ளிக் பண்ணு” என்று கூப்பிடுகிறார். போய்ச் செய்கிறேன். திரை அணைந்ததும், “விட்டுடலாமா?” என்பார். பொட்டு விளக்கு அணைகிற வரை விடவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு விதியும் கிடையாது.